கிழவன் என்ன சாப்பிட்டான்

நெத்திலியின் தலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கிள்ளினால் குடலும் கூடவே வந்துவிடும், கத்தி வேண்டாம், அரிவாள்மனை வேண்டாம், கண்கூட வேண்டாம். கண் வேண்டாத வேலையில் இருக்கிற ஒரே சங்கடம், மனசு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாக எங்கெங்கோ போய் வாயை வைக்கும். தில்லைநாயகியின் மனசு உள்ளறைக் கதவிலேயே போய்ப் போய் முட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மகள் பொற்கொடி தூங்குகிறாள். நேற்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து வந்தாள், சாப்பிட்டாள், அப்பாவோடு அரசியல் பேசிக் கொஞ்சம் சண்டை போட்டாள், படுக்கப் போனாள். வெயில் சமையலறை ஜன்னலைத் தாண்டித் தரையில் இறங்கிவிட்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை. பயணக் களைப்பு என்று தில்லைநாயகி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். களைப்பும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, விடிய விடிய அந்த அறையில் விளக்கு எரிந்தது. காலையில் கூடத்து பீரோவைத் திறந்து பட்டுப்புடவைகளுக்கு அடியில் கையை விட்டால் புடவைகள் இருந்தன, அவள் எழுதி ஒளித்துவைத்திருந்த நாவல் இல்லை. போர்வை எடுக்கப் போனவள் கண்ணில் பட்டிருக்கும். கடலூர் முழுக்க மூழ்கிப்போவதை இஞ்ச் இஞ்சாக யோசித்து எழுதத் தெரிந்தவளுக்கு, ஒரு கட்டுக் காகிதத்தைச் சொந்த மகளிடமிருந்து ஒளித்துவைக்கத் தெரியவில்லை. பீரோவில் ஒளிப்பதும் ஒன்றுதான், வாசலில் கோலமாகப் போடுவதும் ஒன்றுதான்.

கிள்ளிப் போட்ட தலைகள் ஒரு தட்டில் சேர்ந்துகொண்டே போயின. கணவர் சபாநாயகம் காலையில் துறைமுகம் பக்கம் போனவர், மூன்று பேர் சாப்பிடவா வாங்கினார், ஒரு பந்திக்கு வாங்கினார். மகள் வந்திருக்கிறாள், மாங்காய் போட்டுக் குழம்பு வை என்று உத்தரவையும் போட்டுவிட்டு நூலகத்துக்குப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. போன வாரம் பொற்கொடி தொலைபேசியில் சொன்னது அம்மாவுக்கு மட்டும் சொன்னது. ம்மா, மூணு மாசம் ஆகுது. சந்தோஷமாக ஒரு வார்த்தை சொல்ல இவள் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டாள், வெச்சிக்கலாமா வேணாமான்னு இன்னும் தெரியலம்மா, அவருக்கு ஆசதான், எனக்குத்தான் பயமா இருக்கு, இப்பவே இப்படிக் காயுது, இப்படிக் கொட்டுது, இது வளந்து என் வயசுக்கு வரும்போது குடிக்கத் தண்ணி இருக்குமா. கல்யாணமான நாளிலிருந்து அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், அப்போதெல்லாம் சாக்கு என்றுதான் இவள் நினைத்தாள். அன்றைக்கு அது சாக்காக ஒலிக்கவில்லை. அப்போது சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை ஒன்று இருந்தது, அது என்ன என்று ஒரு வாரமாகத் தேடுகிறாள், கிடைத்தபாடில்லை. அன்றைக்கு வாயில் வந்ததெல்லாம் வா, நேர்ல பேசிக்கலாம் என்பதுதான். நேரில் வந்தவள் பேசுவதற்கு முன்னால் நாவலைப் படித்துவிட்டாள். அதில் ஒரு குழந்தைகூட மிஞ்சவில்லை.

கடைசியில் கடல் மட்டும் இருந்தது. அதுதான் நாவலின் கடைசி வாக்கியம். நாலு வருஷம் எழுதினாள். கடல் அதில் ஒரேயடியாக வருவதில்லை, அழையாத விருந்தாளி மாதிரி முதலில் வாசலில் நிற்கும், பிறகு கூடத்துக்கு வரும், பிறகு போகவே போகாது. தெருத் தெருவாக, தலைமுறை தலைமுறையாக ஊர் போகும். கடைசியில் பேரில்லாத ஒரு கிழவன் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். கடைசியில் கடல் மட்டும் இருந்தது. அதை எழுதிய அன்றைக்கு எழுந்துபோய்த் தனக்கென்று ஒரு ஸ்ட்ராங் காபி போட்டுக் குடித்தாள், அவ்வளவு திருப்தி. இப்போது அதே வாக்கியம் தொண்டையில் மாட்டிய முள்ளாக இருக்கிறது, சோற்றுருண்டை விழுங்கினாலும் போகாத முள். எத்தனை மணிக்கு அந்த வாக்கியத்தை அவள் படித்திருப்பாள், படித்துவிட்டு விளக்கை அணைத்தாளா, அணைக்காமலே கிடந்தாளா, அழுதாளா. பெற்றவள் பிள்ளைக்குச் சூடம் ஏற்றித் திருஷ்டி கழிப்பாள் என்பார்கள், நான் திருஷ்டியை எழுதிக் கையில் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தாள். ஒரு மீன் நழுவிச் சட்டிக்கு வெளியே விழுந்தது. ஜன்னலில் காத்திருந்த பூனை அதைக் கவனித்தது.

பொற்கொடிதான் அவளுடைய முதல் வாசகி, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து. அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நல்லா இருக்கு, நல்லா இல்லை என்கிற பேச்சே கிடையாது. படிக்கும்போது எந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள் என்பதை மட்டும் சொல்வாள். ரெண்டாம் அத்தியாயம், அந்த மாமனார் பேச ஆரம்பிச்சப்ப தண்ணி குடிச்சேம்மா. அந்த இடம் தொய்கிறது என்று அர்த்தம். தில்லைநாயகி அந்த மாமனாரின் வாயைப் பாதியாகக் குறைத்துவிடுவாள். பத்திரிகைக்காரர்கள், விமர்சகர்கள், பரிசு கொடுக்கிறவர்கள் எல்லாரையும்விட அந்தத் தண்ணீர்ச் சொம்பை நம்பித்தான் இத்தனை புத்தகமும் வந்தது. இந்த ஒரு நாவலைத்தான் காட்ட வேண்டாம் என்று இருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி. காட்டாமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டால் போயிற்று, புத்தகமாக வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்குள் என்னவோ ஒரு முடிவு ஆகியிருக்கும். என்னவோ ஒரு முடிவு. அந்த இடத்தில் நினைப்பு நின்றது, கையும் நின்றது. அடுத்த மீனை எடுத்தாள்.

தொலைபேசி அடித்தது. மீன் கையோடு முழங்கையால் அதை மேடையில் நகர்த்தி, சுண்டுவிரலால் தொட்டு, தலையைச் சாய்த்துக் காதைக் கொண்டுபோனாள். பதிப்பாளர் அறிவுடைநம்பி. "அம்மா, இன்னைக்குப் பையன அனுப்பட்டுமா? முடிச்சிட்டீங்கல்ல?" முடித்துவிட்டேன் என்றாள். "கடைசி அத்தியாயத்துல கைய வெச்சிடாதீங்கம்மா. நீங்க போன்ல படிச்சுக் காட்டினதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அந்த இருட்டுதாம்மா கனம்." கனம் என்பது அறிவுடைநம்பிக்குப் பிடித்த சொல். எடை போட்டுப் புத்தகம் விற்பவர் இல்லை, ஆனாலும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் பேசுவார். அப்புறம் பேசறேன் தம்பி என்று வைத்தாள். தொலைபேசியெல்லாம் செதில்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை, இவளுக்கும் அந்த இருட்டு பிடித்துத்தான் இருந்தது. நம்பிக்கை என்றாலே அரசாங்கத் துண்டறிக்கை ஞாபகம்தான் வரும், மரம் நடுவீர் மழை பெறுவீர், மூலையில் சிரிக்கிற சூரியன் படம். எழுதுகிறவர்களுக்கு அது ஆகாது. அழிவை எழுதினால் அறிவாளி, பிழைத்ததை எழுதினால் அப்பாவி என்று யார் சொன்னார்களோ, எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இவள் கடலை எப்படி எழுதினாள்? சீறியது, விழுங்கியது, வஞ்சம் தீர்த்தது. மழையைக்கூட விடவில்லை, ஏழாம் அத்தியாயத்தில் மழை கூலிப்படை மாதிரி வருகிறது. முதல் மழைக்குப் பெண்ணைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய் நனையவைத்த தாய் எழுதியது அது. சுனாமிக்கு அப்புறம் உப்பனாற்றுக் கரைச் சேற்றில் பெண்கள் அலையாத்தி மரம் நடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு கட்டுரைக்காகப் போனாள். முருங்கைக்காயை வெட்டிப் போட்டமாதிரி நீள நீளமாக விதை, மரத்திலேயே முளைத்துத் தொங்கி, விழுந்து, மிதந்து, எங்கே சேறு தட்டுப்படுகிறதோ அங்கே நின்றுகொள்ளும். ஒரு பெண் கையில் பத்து விதையைத் திணித்து, சும்மா நிக்கறதுக்கு இதக் குத்துங்க டீச்சர் என்றாள். முழங்கால்வரை சேற்றில் நின்று இவளும் குத்தினாள், உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான், இதுவா கடலைத் தடுக்கப்போகிறது என்று. இப்போது பேருந்து பாலத்தின் மேல் போகும்போது அந்தப் பக்கம் பச்சைச் சுவராக நிற்கிறது. எது தன்னுடையது என்று தெரியாது. கொக்கு உட்கார்ந்திருக்கும், கீழே தண்ணீரில் குஞ்சு மீன் ஓடும், பொடி வலை வைத்துக்கொண்டு யாராவது இடுப்பளவில் நிற்பார்கள். வாரம் ஒரு முறை பார்க்கிறாள். நாவலில் அதற்கு ஒரு வரி இல்லை. பார்த்ததை எழுதாமல் பார்க்காததை எழுதி, அதற்குக் கனம் என்று பேரும் வைத்தாயிற்று.

கல்லுப்பைப் போட்டு மீனை மண்சட்டியில் உரசினாள். நுரை வந்தது, கொட்டினாள், இன்னொரு தண்ணீர் விட்டாள். இப்படித்தான் முன்பு ஒரு வருஷம் வந்த வெள்ளத்தில், கெடிலம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, மொட்டை மாடியில் குடிதண்ணீரை வீணாக்கக் கூடாது என்று மழைத்தண்ணீரைப் பிடித்துப் பிடித்துக் கருவாடு கழுவினார்கள். இவர்கள் வீட்டு மாடி ஒன்றுதான் உயரம். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் ஏறிவந்துவிட்டன. சுற்றுச்சுவர்த் தகராறில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத பக்கத்து வீட்டுப் பூங்காவனமும் ஏறிவந்தாள், வெறுங்கையோடு வரவில்லை, ஒரு பெரிய அகப்பையோடு வந்தாள். வெள்ளத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒருத்தி அகப்பையை எடுத்துக்கொண்டு வருவாளா என்று சபாநாயகம் கேட்க, சோறு எல்லாருக்கும் ஒரே மாதிரி விழணுமில்ல என்றாள் அவள். ஒரு அடுப்பு, தார்ப்பாய்க்கு அடியில். கருவாட்டுக் குழம்பில் உப்பு போதும் என்று ஒரு கட்சி, போதாது என்று ஒரு கட்சி. உப்பு ஜாடியைத் திறந்தால் உள்ளே ஒரு தவளை. பொற்கொடி அப்போது கல்லூரியில் படித்தாள், சிரித்துச் சிரித்து விக்கல் வந்து, விக்கலுக்குத் தண்ணீர் கேட்க, சுற்றிலும் தண்ணியாத்தான் இருக்குது எடுத்துக்கோ என்று பூங்காவனம் சொல்ல, மறுபடி எல்லாரும் சிரித்து. கீழே கூடத்தில் தண்ணீர் இடுப்பளவு, புத்தகங்கள் ஊறிப்போய்க் கிடந்தன, அதுவும் உண்மைதான், தில்லைநாயகி ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பி அழுததும் உண்மைதான். நாவலின் முதல் பிரதியில் இந்த அகப்பையையும் தவளையையும் எழுதியிருந்தாள். கனம் குறைகிறது என்று அவளேதான் அடித்தாள். அழுததை மட்டும் வைத்துக்கொண்டாள்.

புளி கரைத்து ஊற்றியாயிற்று, மிளகாய்த்தூள் போட்டாயிற்று, மாங்காய் வெந்துகொண்டிருந்தது. கொதி வந்ததும் மீனைப் போட்டாள். ஆவி மேலே எழுந்து முகத்தில் அடித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று மாதம். மசக்கை. மசக்கைக்காரி படுத்திருக்கிற வீட்டில் ஒரு பந்திக்கான நெத்திலியைப் போட்டுக் கொதிக்கவிட்டுக்கொண்டு நிற்கிறாள். இந்தப் பொற்கொடி வயிற்றில் இருந்தபோது கடுகு பொரிகிற வாசனைக்கே வாசலுக்கு ஓடியவள்தானே இவள்? ஊருக்குப் பிரளயம் எந்தப் பக்கமாக வரும் என்று சொல்லத் தெரிந்தது, வீட்டுக்குள் ஒரு குழம்பு என்ன செய்யும் என்று தோன்றவில்லை. பாய்ந்துபோய் ஜன்னலின் இன்னொரு கதவையும் திறந்தாள், சட்டியை மூடினாள், முந்தானையால் காற்றை விரட்டினாள். நேரம் கடந்துவிட்டது. உள்ளறைக் கதவு திறக்கிற சத்தம், ஓடுகிற கால், குளியலறைக் கதவு, அப்புறம் குமட்டல். தில்லைநாயகி கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். மீனா, நாவலா? மீன் என்றால் ஒரு எலுமிச்சம்பழம் போதும். நாவல் என்றால் என்ன கொடுப்பது, எதை முகரக் கொடுப்பது? தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கடைசியில் கடல் மட்டும் இருந்தது, கடைசியில் கடல் மட்டும் இருந்தது, ஏன் அப்படி எழுதினேன், யார் கேட்டார்கள்?

"அடுப்ப அணைம்மா மொதல்ல. கொடலப் பொரட்டுது." துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு பொற்கொடி சமையலறையை ஒரே ஓட்டமாகக் கடந்து கொல்லைப்படியில் போய் உட்கார்ந்தாள். தில்லைநாயகி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே போனாள், ஆனால் கிட்டே போகப் பயம், தன் மேலெல்லாம் மீன் வாசனை. இரண்டடி தள்ளி நின்றாள். புயலில் அடியோடு சாய்ந்து, செத்தது என்று விட்டுவிட்ட முருங்கை பக்கவாட்டில் துளிர்த்து மரமாகி நிற்கிறது, அதன் நிழல் மகளின் முதுகில் ஆடியது.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எங்க தண்ணி குடிச்ச?"

"எங்கயும் எழுந்திரிக்கல." பொற்கொடி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பதில் வந்ததே இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் தில்லைநாயகி ஊரைக் கூட்டியிருப்பாள்.

"பயந்துட்டியா கொடி?"

"பயந்தேன். வயித்து மேல கைய வெச்சிக்கிட்டுதான் படிச்சேன். முடிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே கெடந்தேன். அப்புறம்..." துப்பட்டாவை மூக்கிலிருந்து எடுத்தாள். "அப்புறம் பசிச்சிதும்மா. அப்படி ஒரு பசி. வந்து பிரிட்ஜைத் தொறந்து அப்பா வெச்சிருந்த சுண்டல் அவ்வளவையும் நின்னுக்கிட்டே தின்னேன். தின்னும்போதுதான் நெனச்சேன், அந்தக் கெழவன் என்ன சாப்பிட்டான்?"

"எந்தக் கிழவன்?"

"உன் கெழவன்தான். மாடியில தனியா ஒக்காந்திருக்கானே. கடல் வந்து எத்தன வருஷம் ஆச்சு, உசுரோட இருக்கான்ல, என்னத்த சாப்புட்டான்? யோசிச்சா, மொத்தக் கதையிலயும் யாருக்குமே பசிக்கலம்மா. ஓடறாங்க, அழறாங்க, சாவறாங்க, ஒருத்தரும் ஒல வெக்கல. பூங்காவனத்தக்கா அகப்பைய எங்க தொலச்ச?"

தில்லைநாயகியின் மனசு ஓடிய இடம் வேறு, முப்பது வருஷம் தமிழ் டீச்சராக அவள் நின்ற வகுப்பறை. ஐந்து நிலம், ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு உணர்ச்சி. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல், அதற்குரியது இரங்கல், எங்கே எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க. இரங்கல், டீச்சர். அடுத்து அந்த நிலத்தில் என்னென்ன இருக்கும்? தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில். உணவு. தெய்வத்துக்கு அடுத்தபடி உணவு. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். தேர்வுத்தாளில் பிள்ளைகள் அதை விட்டுவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்தவள், தன் கடலில் இரங்கலை மட்டும் வைத்துவிட்டு உணவை விட்டாள், மரத்தை விட்டாள், பறவையை விட்டாள், தொழிலை விட்டாள். பின்னே கடல் மட்டும்தானே இருக்கும்? அழுகையை எடுத்துக்கொண்டு அகப்பையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அவள் மேலேயேதான்.

"அப்ப எல்லாரயும் பொழைக்க வெச்சிடவா?"

"அய்யோ, அதப் பண்ணாத. அப்புறம் நான் தண்ணி குடிக்கப் போயிருவேன்." பொற்கொடி இப்போது திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது, கண் சிவந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் இவள் காலையிலிருந்து பயந்த எதுவும் இல்லை. "கடல் வரட்டும். வரத்தான் போவுது. வந்தப்புறம் என்ன சமைச்சாங்க, யாரு யாரு கூட ஒக்காந்து தின்னாங்க, அத எழுது. கடல் அவ்ளோ தூரம் உள்ள வந்திச்சின்னா அலையாத்தி வெதையும் கூடத்தான வரும்? அது வந்தா நண்டு வராதா? அந்த மாடிச் செவுத்துல நத்தைகூட ஒட்டாதா?" வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். முருங்கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "இது வளந்து ஒரு நாள் எடுத்துப் படிக்கும்மா. ஆயா, அந்தத் தாத்தா என்ன சாப்பிட்டாருன்னு கேக்கும். எங்கிட்டக் கேட்டா நான் உன்னக் கை காட்டிருவேன். நீயே பதில் சொல்லிக்க."

தில்லைநாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கலாம் என்றால் கையெல்லாம் மீன். முகத்தைச் சாய்த்துத் தோளில் துடைத்துக்கொண்டாள். ஒரு வாரமாகத் தேடிய வார்த்தை இப்போதும் கிடைக்கவில்லை, ஆனால் தேவைப்படவும் இல்லை. அப்பாவிடம் யார் சொல்வது, எந்த மருத்துவரிடம் காட்டுவது, பெங்களூருக்கு எப்போது கிளம்பிப் போய் இருப்பது என்று மனசு அதற்குள் முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது இருந்தது, ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தது, மாடிக்கு ஏறிவந்தவர்களில் அதுவும் ஒன்று என்பதுபோல.

"பசிக்குது" என்றாள் பொற்கொடி. "மீன் வேணாம். பழையது இருக்கா?"

இருந்தது. சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு, பழைய சோற்றைப் பிழிந்து கிண்ணத்தில் போட்டு மோர் விட்டு, நார்த்தங்காய் ஊறுகாயோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். மகள் குனிந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சபாநாயகத்துக்கும் பூனைக்கும் இன்றைக்கு நல்ல யோகம், மிச்சத்தைப் பூங்காவனத்துக்குக் கொடுத்தனுப்பலாம், உப்பு போதாது என்பாள், சொல்லட்டும். தொலைபேசி மறுபடி அடித்தது.

"அம்மா, பையன் கெளம்பிட்டான்" என்றார் அறிவுடைநம்பி.

"வேணாம் தம்பி, திரும்பக் கூப்பிட்டுக்கோங்க. இன்னும் முடியல."

"காலையில முடிச்சிட்டேன்னீங்களே?"

"முடிச்சிட்டேன்னுதான் நெனச்சேன். கெழவனுக்குப் பசிக்குதாம்."

பொற்கொடி காலிக் கிண்ணத்தை நீட்டினாள். தில்லைநாயகி தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதை வாங்கினாள்.

"அப்புறம் பேசறேன் தம்பி. இங்க இன்னும் கொஞ்சம் சோறு கேக்கறாங்க."